கல்யாண டிவிடியை எடிட் செய்ய எடுக்கும்போது வரும் கோளாறுகள்: அறிகுறி, காரணம், தீர்வு

2000-களில் நடந்த கல்யாணம், காதுகுத்து, அறுபதாம் கல்யாணம் பல வீடுகளில் டிவிடியாகத்தான் அலமாரியில் இருக்கின்றன. மூன்று மணி நேரம் ஓடுவதை நாற்பது நிமிடமாகச் சுருக்கலாம் என்று உட்கார்ந்தால், படம் மங்குகிறது, ஓரமெல்லாம் கோடு கோடாக வருகிறது, நாதஸ்வரம் ஒரு பக்கமும் வாசிப்பவர் கை ஒரு பக்கமும் போகிறது. "பழைய டிவிடி, அவ்வளவுதான் வரும்" என்று பழியை டிஸ்க் மேல் போட்டுவிடுகிறார்கள். அது பெரும்பாலும் நியாயமில்லை. டிஸ்க்கில் இருப்பது 720×576 பிக்சல், வினாடிக்கு 25 ஃபிரேம். முறையாக எடுத்தால் இன்றைய பெரிய டிவியிலும் கண்ணுக்கு உறுத்தாது. படம் கெடுவது வழியில்தான்.

வேலை நான்கு கட்டமாக நடக்கிறது. டிஸ்க்கில் இருப்பதை அப்படியே ஹார்ட் டிஸ்க்குக்கு நகலெடுப்பது முதல் கட்டம். அந்த நகலிலிருந்து எடிட்டருக்கு ஏற்ற கோப்பு செய்வது இரண்டாவது. பிறகு எடிட், கடைசியில் எக்ஸ்போர்ட். கோளாறு எந்தக் கட்டத்தில் நுழைந்ததோ அங்கே திரும்பிப் போய்ச் சரிசெய்ய வேண்டும். இரண்டாம் கட்டத்தில் கெட்டதை எக்ஸ்போர்ட்டில் ஷார்ப்பன் ஏற்றி மீட்க முடியாது.

எதையும் தொடங்கும் முன் மீடியாஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் கோப்பைத் திறந்து ஐந்து விவரங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: அகலம்-உயரம், ஃபிரேம் ரேட், ஸ்கேன் டைப்பும் அதன் ஃபீல்டு வரிசையும், டிஸ்ப்ளே விகிதம் (4:3 அல்லது 16:9), ஒலியின் வகை. கீழே வரும் பாதிக் கோளாறுகளுக்கு விடை இந்தத் தாளிலேயே இருக்கும். இங்கே சொல்வதெல்லாம் சொந்த விசேஷ டிஸ்க்குகளுக்கு. பூட்டுப் போட்ட சினிமா டிவிடி வேறு சங்கதி.

கணினியில் டிஸ்க் காலியாகத் தெரிகிறது

டிவிடி ரெக்கார்டரிலோ ஹேண்டிகேமிலோ நேரடியாகப் பதிந்த டிஸ்க்கில் இது வரும். பதிந்து முடிந்ததும் ஃபைனலைஸ் செய்யாமல் (அதாவது மற்ற கருவிகளும் படிக்கும்படி பதிவை மூடி முடிக்காமல்) எடுத்துவிட்டால், பதிந்த கருவிக்கு மட்டும் அது தெரியும், கணினிக்குத் தெரியாது. அந்தக் கருவி இன்னும் ஓடினால் அதிலேயே போட்டு மெனுவில் ஃபைனலைஸ் கொடுப்பதுதான் நல்ல வழி. கருவி போய்விட்டது என்றால் ஐசோபஸ்டர் போன்ற மென்பொருளால் ஃபைனலைஸ் ஆகாத டிஸ்க்கையும் படிக்க முடியும்.

டிஸ்க் திறக்கிறது, ஆனால் வழக்கமான "வீடியோ டிஎஸ்" ஃபோல்டர் இல்லாமல் "டிவிடி ஆர்டிஏவி" என்று ஒன்று இருக்கிறதா? அது ரெக்கார்டரின் விஆர் முறைப் பதிவு. உள்ளே விஆர்ஓ என்ற நீட்டிப்போடு ஒரே பெரிய கோப்பு இருக்கும். அதுவும் டிவிடிப் படத்தை அமுக்கும் முறையான எம்பெக்-2 தான். அப்படியே நகலெடுத்து எம்பிஜி என்று பெயர் மாற்றினாலே பல மென்பொருள்கள் திறந்துவிடும்.

ஹேண்டிகேமில் வந்த 8 செ.மீ. குட்டி டிஸ்க்கை, தட்டு இல்லாமல் நேராக உள்ளே இழுக்கும் டிரைவில் போட வேண்டாம். மாட்டிக்கொள்ளும். தட்டு உள்ள டிரைவில், நடுவிலுள்ள சிறிய குழியில் வையுங்கள்.

நகல் பாதியில் நிற்கிறது, டிரைவ் உறுமுகிறது

டிஸ்க்கின் அடிப்பக்கத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். கைரேகை, எண்ணெய்ப் பிசுக்கு என்றால் வெதுவெதுப்பான நீரில் ஒரு சொட்டுப் பாத்திர சோப்பு விட்டு, மென்மையான பருத்தித் துணியால் நடுவிலிருந்து விளிம்புக்கு நேர்கோட்டில் துடையுங்கள். வட்டமாகத் துடைக்கக் கூடாது. பதிவு சுருள் வடிவில் ஓடுகிறது. குறுக்கே விழும் கீறல் ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சத்தை மட்டும் கெடுக்கும், அதைப் பிழைதிருத்தம் சமாளித்துவிடும். சுற்றுவாக்கில் விழும் கீறல் தொடர்ச்சியாகப் பல தகவலை அழித்துவிடும். பற்பசை வைத்துத் தேய்ப்பது புதுக் கீறலைத்தான் சேர்க்கும்.

துடைத்தும் படிக்கவில்லை என்றால் வேறு டிரைவில் போட்டுப் பாருங்கள். ஒரு டிரைவ் கைவிட்ட டிஸ்க்கை இன்னொன்று சுளுவாகப் படிப்பது சாதாரணம். லேப்டாப்பின் மெலிந்த டிரைவை விட மேசைக் கணினியின் முழு உயர டிரைவ் பல நேரம் மேல்.

அடுத்தது டிடிரெஸ்க்யூ, கெட்ட டிஸ்க்கிலிருந்து தகவலை மீட்கும் மென்பொருள். லினக்ஸ் பென்டிரைவில் கணினியைத் துவக்கி இதை ஓட்டலாம். பிளாக் அளவை 2048 என்று வையுங்கள், டிவிடியின் ஒரு செக்டர் அதுதான். முதல் ஓட்டத்தில் கெட்ட இடங்களைக் குடையாமல் தாண்டிப் போகச் சொல்லுங்கள். இரண்டாம் ஓட்டத்தில் விட்ட இடங்களை மட்டும் மூன்று முறை முயலச் சொல்லுங்கள். எது கிடைத்தது, எது கிடைக்கவில்லை என்பதை அது ஒரு மேப் கோப்பில் எழுதி வைக்கும். அந்த மேப் கோப்பையும், டிஸ்க் முழுவதன் நகலாக அது தந்த அதே ஐஎஸ்ஓ கோப்பையும் வைத்துக்கொண்டு வேறு டிரைவில் ஓட்டினால் ஓட்டைகளை மட்டும் நிரப்பும்.

இதில் அதிகம் பேருக்குத் தெரியாத ஒரு வசதி உண்டு. ஸ்டூடியோவில் மாப்பிள்ளை வீட்டுக்கு ஒன்று, பெண் வீட்டுக்கு ஒன்று என்று ஒரே இமேஜிலிருந்து இரண்டு பிரதி எழுதிக் கொடுத்திருப்பார்கள். இரண்டு டிஸ்க்கின் மொத்த அளவும் பைட் பிசகாமல் ஒன்றாக இருந்தால், உள்ளே இருப்பதும் செக்டருக்குச் செக்டர் ஒன்றாக இருக்க நல்ல வாய்ப்பு. உங்கள் டிஸ்க்கில் கெட்ட இடத்தைச் சம்பந்தி வீட்டு டிஸ்க்கிலிருந்து, அதே மேப் கோப்பைக் கொண்டே நிரப்பிவிடலாம். இரண்டும் ஒரே இடத்தில் கெட்டிருப்பது அரிது.

எழுதும் டிவிடியில் தகவல் ஒரு சாயப் படலத்தில் இருக்கிறது. வெயிலும் சூடும் அதைத் தின்றுவிடும். இன்று தடுமாறிப் படிக்கும் டிஸ்க் அடுத்த ஆண்டு படிக்காமல் போகலாம். எடிட் எப்போது வேண்டுமானாலும் நடக்கட்டும், நகலை இந்த வாரமே எடுத்துவிடுங்கள்.

சுமார் அரை மணிக்கு ஒரு முறை படம் துள்ளுகிறது. மொத்த நீளம் தப்பாகக் காட்டுகிறது. சில காட்சிகள் காணோம்

டிவிடியில் படமும் ஒலியும் இருக்கும் விஓபி கோப்பு ஒவ்வொன்றும் 1 ஜிபியைத் தாண்டக் கூடாது என்பது விதி. அதனால் ஒரே ஓட்டமான படத்தை, டிவிடியை உருவாக்கும் ஆதரிங் மென்பொருள் அந்த அளவு வந்த இடத்தில் அறுத்து அடுத்த கோப்பில் தொடரும். அறுபடும் இடம் ஒரு காட்சியின் முடிவாக இருக்காது. பெரும்பாலும் ஒரு ஃபிரேம் கூட்டத்தின் நடுவில் இருக்கும். ஒவ்வொரு விஓபியையும் தனித்தனியாக மாற்றி டைம்லைனில் ஒட்டினால், ஒட்டிய ஒவ்வொரு இடத்திலும் சில ஃபிரேமும் ஒலியும் போய்விடும். வினாடிக்கு 5 மெகாபிட் ஓடும் டிஸ்க்கில் 1 ஜிபி என்பது 28 நிமிடம் சொச்சம். துள்ளல் அந்த இடைவெளியில் வந்தால் காரணம் இதுவேதான்.

விஓபிகளை ஒட்டவே ஒட்டாதீர்கள். மேக்எம்கேவி மென்பொருளில் டிஸ்க்கையோ ஐஎஸ்ஓ-வையோ கொடுங்கள். அது கூட இருக்கும் ஐஎஃப்ஓ கோப்புகளைப் படித்து, எது எதற்குப் பின் வருகிறது என்று தெரிந்து, ஒரு டைட்டிலுக்கு ஒரு எம்கேவி தரும். படத்தையும் ஒலியையும் மறுபடி அமுக்காது. டிஸ்க்கில் இருந்த அதே பிட்டுகள் வேறு உறைக்குள் போகின்றன, அவ்வளவே. ஹேண்ட்பிரேக் என்ற மாற்றும் மென்பொருள் அப்படியில்லை. எந்த செட்டிங் வைத்தாலும் அது படத்தை மறுபடி என்கோட் செய்யும், அதாவது மறுபடி அமுக்கும். நகல் எடுக்க அதைப் பயன்படுத்தினால் முதல் படியிலேயே தரம் இறங்குகிறது.

நீளம் தப்பாகத் தெரிவதற்கு மூலம் நேர முத்திரை. ஒரே டிஸ்க்கில் முகூர்த்தம், வரவேற்பு என்று பகுதிகள் இருந்தால் நேர முத்திரை நடுவில் மீண்டும் பூஜ்யத்திலிருந்து தொடங்கலாம். விஓபியை நேராகத் திறக்கும் பிளேயர் கடைசி முத்திரையைப் பார்த்துவிட்டு இரண்டு மணிப் படத்தை 12 நிமிடம் என்று சொல்லும்.

காட்சி காணோம் என்றால் இரண்டு இடத்தில் தேடுங்கள். மேக்எம்கேவி 120 வினாடிக்குக் குறைந்த டைட்டில்களை இயல்பாகவே விட்டுவிடும். பிரிஃபரன்சஸில் வீடியோ பக்கத்தில் அந்த எண்ணை 5 ஆக்கினால் குட்டித் துண்டுகளும் வரும். இன்னொன்று, பெயரின் கடைசி எண் பூஜ்யமாக உள்ள விஓபி மெனுவுக்கானது. சில ஸ்டூடியோக்கள் மெனுவின் பின்னால் ஓடவிட்ட அழகான ஆல்பம் துண்டு அதற்குள்தான் இருக்கும்.

விஎல்சியில் ஓடுகிறது, எடிட்டரில் ஒலி மட்டும் வருகிறது அல்லது எதுவும் வருவதில்லை

டாவின்சி ரிசால்வில் விஓபி நேரடியாக ஏறாது. வேறு சில எடிட்டர்களில் எம்பெக்-2 எடுக்கும், ஏசி-3 ஒலி எடுக்காது. ஏறினாலும் அதில் எடிட் செய்வது சிரமம். எம்பெக்-2-வில் முழுப் படமாகச் சேமிக்கப்படுவது 12 அல்லது 15 ஃபிரேமுக்கு ஒன்றுதான். மற்றவை அதிலிருந்து கணக்கிட்டு வருபவை. அதனால்தான் மவுஸை இழுத்தால் படம் திணறுகிறது. லாஸ்லெஸ்கட் போன்றவற்றில் என்கோட் செய்யாமல் வெட்டும்போது வெட்டு அரை வினாடி தள்ளி விழுவதற்கும் இதுவே காரணம்.

ஆகவே இடைநிலைக் கோப்பு ஒன்று செய்யுங்கள். ஷட்டர் என்கோடர் என்ற மென்பொருளில், எடிட்டருக்கு இலகுவான புரோரெஸ் 422 அல்லது டிஎன்எக்ஸ்எச்ஆர் எச்க்யூ வகை. ஒலி 48 கிலோஹெர்ட்ஸ் பிசிஎம். டிஎன்எக்ஸ்எச்டி வேண்டாம், அது எச்டி அளவுகளுக்கானது, 720×576-ஐ ஏற்காது. ஷாட்கட், கேடென்லைவ் பயன்படுத்துபவர்கள் இழப்பே இல்லாத யூடிவீடியோ எடுக்கலாம். எஃப்எஃப்வி1 இன்னும் சிறியதாக அமுங்கும், ஆனால் டைம்லைனில் கனக்கும். அதைக் காப்பகப் பிரதிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இடம் எவ்வளவு வேண்டும்? இந்த அளவுப் படத்துக்கு வினாடிக்கு 25 ஃபிரேமில் புரோரெஸ் 422 மணிக்கு 18 ஜிபி. கீழே சொல்லப்போகிற 50 ஃபிரேமில் அதன் இரட்டிப்பு. மூன்று மணி டிஸ்க்குக்கு 110 ஜிபி காலியாக வைத்துக்கொண்டு தொடங்குங்கள். எடிட் முடிந்ததும் இதை அழித்துவிடலாம். அழிக்கக் கூடாதது ஐஎஸ்ஓ-வும் எம்கேவியும்.

ஹேண்ட்பிரேக்கில் தர அளவான ஆர்எஃப்-ஐ 0 வைத்தால் இழப்பில்லை என்று படித்துவிட்டுச் செய்பவர்கள் உண்டு. அதன் என்கோடரான எக்ஸ்264 அப்போது பல எடிட்டர்களும் டிவிகளும் திறக்காத ஒரு வகைக்கு மாறிவிடும். ஹேண்ட்பிரேக்தான் கையில் இருக்கிறது என்றால் ஆர்எஃப் 12 போதும்.

கை அசைந்தால், ஆள் நடந்தால் ஓரத்தில் சீப்புப் பல் போலக் கோடு

எல்லாவற்றிலும் பெரிய கோளாறு இதுதான். நிதானமாகப் பார்ப்போம்.

டிவிடியின் ஒரு ஃபிரேமில் 576 வரி. ஆனால் கேமரா அவை அனைத்தையும் ஒரே நொடிப்பொழுதில் பிடிக்கவில்லை. ஒற்றைப்படை வரிகள் ஒரு தருணம், இரட்டைப்படை வரிகள் ஐம்பதில் ஒரு வினாடி கழித்து. ஒவ்வொரு பாதியும் ஒரு ஃபீல்டு. இதுதான் இன்டர்லேஸ். பழைய குழாய் டிவி அதை அதே வரிசையில் காட்டியதால் கண்ணுக்கு வழுக்கிக்கொண்டு ஓடியது. கணினித் திரை இரண்டையும் ஒன்றாகக் காட்டுவதால் அசைந்த இடத்தில் மட்டும் பல் முளைக்கிறது. விஎல்சி தானாகவே இதைச் சரிசெய்து காட்டிவிடும். அதனால்தான் "பிளேயரில் நன்றாக இருந்தது, எடிட்டர் கெடுத்துவிட்டது" என்று தோன்றுகிறது.

பலரும் டீஇன்டர்லேஸ் பொத்தானைத் தட்டுகிறார்கள். பல் போய்விடும், கூடவே அசைவின் பாதியும் போய்விடும். வினாடிக்கு 50 தருணங்கள் இருந்தது 25 ஆகிவிடுகிறது. பரதநாட்டிய அடவும் தவில் குச்சியும் தட்டித்தட்டி ஓடுவது இதனால்தான். ஒவ்வொரு ஃபீல்டையும் தனி ஃபிரேமாக்கி, வினாடிக்கு 50 முழு ஃபிரேமாக எடுங்கள். மென்பொருள்களில் இதற்கு "பாப்" அல்லது ஃபிரேம் ரேட் இரட்டிப்பு என்று பெயர் இருக்கும்.

ஹேண்ட்பிரேக்கில் செய்வது: ஃபில்டர்ஸ் பக்கத்தில் இன்டர்லேஸ் டிடெக்ஷனை ஆஃப் செய்யுங்கள் (ஆனில் இருந்தால் சில ஃபிரேமை விட்டுவிடும்). டீஇன்டர்லேஸில் பிடபிள்யூடிஃப், அதன் பிரீசெட்டில் பாப். வீடியோ பக்கத்தில் ஃபிரேம் ரேட் 50, கான்ஸ்டன்ட். இந்தக் கடைசி அடியை மறந்தால் முழு வேலையும் வீண். கூட வரும் "ஃபாஸ்ட் 1080பி30" போன்ற பிரீசெட்டுகள் 30-க்கு மேல் போக விடாமல் ஃபிரேம்களைத் தள்ளிவிடும்.

இன்னும் நன்றாக வேண்டுமென்றால் க்யூடிஜிஎம்சி என்ற டீஇன்டர்லேஸ் முறை. ஹைபிரிட் என்ற இலவச மென்பொருளில் கட்டளை எழுதாமலே கிடைக்கும். மிக மெதுவாக ஓடும், இரவு போட்டுவிட்டுத் தூங்கப் போக வேண்டியதுதான். ஆனால் புடவைக் கரை, கோலம், ஜமக்காளக் கோடு போன்ற மெல்லிய கிடைக்கோடுகள் மற்ற முறைகளில் மினுமினுக்கும், இதில் அசையாமல் நிற்கும். வீட்டில் ஒரே ஒரு கல்யாண டிஸ்க் இருக்கிறது என்றால் அந்த இரவைக் கொடுக்கலாம்.

பல் போனபின் புதிதாக ஒன்று வருகிறதா? ஆள் நடக்கும்போது முன்னும் பின்னுமாக அதிர்கிறதா? ஃபீல்டு வரிசை தலைகீழ். சோதிக்கும் விதம்: அட்சதை தூவும் கை ஒரே திசையில் போகும் இடத்தை எடுத்து, 50 ஃபிரேம் கோப்பில் ஒவ்வொரு ஃபிரேமாக நகர்த்துங்கள். கை முன்னே, முன்னே, முன்னே என்று போனால் சரி. இரண்டடி முன்னே, ஓரடி பின்னே என்று போனால் வரிசையை மாற்றி மறுபடி எடுக்க வேண்டும். டிவிடிகள் பெரும்பாலும் மேல் ஃபீல்டு முதலில். ஆனால் மினிடிவி டேப்பில் கீழ் ஃபீல்டு முதலில் வரும். டேப்பிலிருந்து டிவிடி செய்தபோது ஆதரிங்கில் தப்பாகக் குறித்திருந்தால் மீடியாஇன்ஃபோ சொல்வதும் தப்பாகவே இருக்கும். அங்கே கண்தான் தீர்ப்பு.

பல் மெல்லிய கோடாக இல்லாமல் தடித்த அலை போல வந்தால், டீஇன்டர்லேஸ் செய்யும் முன்னரே யாரோ படத்தைப் பெரிதாக்கிவிட்டார்கள். அந்தக் கோப்பை மீட்க முடியாது. எம்கேவிக்குத் திரும்புங்கள். முதலில் டீஇன்டர்லேஸ், பிறகு இரைச்சல் நீக்கம், பிறகு ஓர வெட்டு, பிறகு அளவு. இந்த வரிசை மாறக் கூடாது.

மணப்பெண்ணின் சிவப்புக் கூறைப்பட்டில் மட்டும் ஓரம் பிசிறடித்து, மற்ற இடமெல்லாம் சுத்தமாக இருக்கிறதா? டிவிடியில் நிறத் தகவல் வெளிச்சத் தகவலின் கால் பங்குதான், அதுவும் ஃபீல்டு ஃபீல்டாகப் பிரிந்தே இருக்கிறது. டீஇன்டர்லேஸ் செய்யும் முன் ஏதோ ஒரு மென்பொருள் நிறத்தை முழு ஃபிரேமாக நினைத்து விரித்துவிட்டது. அடர் சிவப்பில்தான் இது பளிச்சென்று தெரியும். இன்டர்லேஸ் கோப்பை முதலில் புரோரெஸாக்கி அப்புறம் டீஇன்டர்லேஸ் செய்யும் வழக்கத்தில் இது வரலாம். இரண்டையும் ஒரே ஓட்டத்தில், எம்கேவியிலிருந்து நேராகச் செய்தால் வராது.

ஆட்கள் குண்டாகவோ ஒல்லியாகவோ தெரிகிறார்கள்

டிவிடியின் பிக்சல் சதுரமில்லை. அதே 720×576 தான் 4:3 படத்துக்கும் 16:9 படத்துக்கும். காட்டும்போது 4:3 என்றால் 768×576 ஆகவும், 16:9 என்றால் 1024×576 ஆகவும் விரிக்க வேண்டும். அந்தக் குறிப்பை எடிட்டர் கவனிக்கவில்லை என்றால் 4:3 படத்தில் முகங்கள் லேசாக ஒடுங்கும், 16:9 படத்தில் நன்றாகவே ஒடுங்கும். ஷாட்கட்டில் கிளிப்பின் பிராபர்ட்டிஸில் ஆஸ்பெக்ட் ரேஷியோவை நீங்களே எழுதலாம். ரிசால்வில் கிளிப் ஆட்ரிப்யூட்ஸ், பிரீமியரில் இன்டர்பிரெட் ஃபுட்டேஜ்.

குண்டாகத் தெரிந்தால் நேர்மாறு: 4:3 படத்தை 16:9 திரை நிறைய இழுத்திருக்கிறார்கள். பக்கத்தில் கறுப்புப் பட்டை இருப்பது குறையில்லை. படத்தை இழுப்பதும், தலையையும் காலையும் வெட்டி நிரப்புவதும்தான் குறை. மண்டபச் சுவரில் நேராகத் தெரியும் வட்டக் கடிகாரத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அகலத்தையும் உயரத்தையும் அளந்தால் சந்தேகம் தீர்ந்துவிடும்.

இடம் வலம் சில பிக்சல் கறுப்பும், அடியில் சில வரி கிழிசலும் இருந்தால் மூலம் விஎச்எஸ் அல்லது வேறு அனலாக் டேப். பழைய டிவி அந்த ஓரத்தை மறைத்துவிடும், அதனால் யாரும் கவலைப்படவில்லை. டீஇன்டர்லேஸ் ஆனபின் வெட்டுங்கள். ஹேண்ட்பிரேக்கின் தானியங்கி வெட்டை நம்ப வேண்டாம். இருட்டுக் காட்சி நிறைந்த டிஸ்க்கில் அது படத்தையே கடித்துவிடும்.

மங்கல், கட்டம் கட்டமாக உடைகிறது

முதலில் மூலத்தை அதே இடத்தில் பாருங்கள். விஎல்சியில் எம்கேவியிலும் அதே கட்டம் இருந்தால் அது ஸ்டூடியோவில் நடந்தது. டிவிடி படத்துக்கு வினாடிக்கு 9.8 மெகாபிட் வரை போகலாம். ஆனால் 4.7 ஜிபி டிஸ்க்கில் மூன்று மணி நேரத்தை அடைத்தால் ஒலியும் சேர்த்துச் சராசரி மூன்றரைதான் கிடைக்கும். பூ தூவும்போதும் ஃபிளாஷ் அடிக்கும்போதும் அது போதாது. கட்டங்களை மழுப்பும் லேசான டீபிளாக், லேசான இரைச்சல் நீக்கம் வரை போகலாம். இன்னொரு சாத்தியம், விசிடியிலிருந்து டிவிடி செய்திருப்பார்கள். விசிடி வெறும் 352×288. பழைய விசிடி பெட்டியில் கிடந்தால் அதிலுள்ள டேட் கோப்பிலிருந்து நேராக எடுப்பது, இரண்டாம் முறை அமுக்கியதைவிட மேல்.

மூலம் சுத்தம், உங்கள் கோப்பில் மட்டும் கட்டம் என்றால், எத்தனை முறை என்கோட் ஆனது என்று எண்ணுங்கள். எம்பி4 ஆக்கி, அதை எடிட் செய்து எம்பி4 ஆக்கி, அதில் டைட்டில் சேர்த்து மறுபடி எம்பி4. ஒவ்வொரு முறையும் போனது போனதுதான்.

ஏஐ கொண்டு பெரிதாக்குவது பற்றி ஒரு வார்த்தை. கட்டடம், பூ, கோபுரம் நன்றாக வரும். கூட்டத்தில் பத்து பிக்சல் அளவில் தெரியும் முகத்துக்கு அது இல்லாத கண்ணையும் மூக்கையும் வரைந்து வைக்கும். மறைந்துபோன பாட்டியின் முகம் மங்கலாக இருந்தாலும் அவர் முகமாக இருக்க வேண்டும். குடும்ப வீடியோவில் முகம் சீராக்கும் வசதியை அணைத்து வைப்பதே நல்லது.

நிறம் மாறிவிட்டது

டிவிடியின் நிறக் கணக்கு பிடி.601. எச்டியின் கணக்கு பிடி.709. அளவை 1080-க்கு ஏற்றி, கணக்கை மாற்றாமல் விட்டால் பிளேயர் 709 என்று நினைத்துக் காட்டும். வாழை இலையின் பச்சையும் தோலின் நிறமும் கொஞ்சம் தடம்புரளும். அளவு மாற்றும் அதே இடத்தில் 601-லிருந்து 709-க்கு மாற்றுங்கள். படம் மொத்தமும் சாம்பல் பூத்தோ, கோட்டு சூட்டெல்லாம் கறுப்பில் மூழ்கியோ இருந்தால் அது வேறு: வெளிச்ச வரம்பு. டிவிடியில் கறுப்பு 16, வெள்ளை 235. எடிட்டரில் கிளிப்பின் வரம்பை "லிமிடெட்" அல்லது "வீடியோ" என்று வையுங்கள். கலர் கரெக்ஷன் சக்கரத்தைச் சுழற்றி இதைச் சரிக்கட்டுவது தப்பான இடத்தில் மருந்து போடுவது.

ஒலி உதட்டோடு சேரவில்லை

எப்படி விலகுகிறது என்பதில்தான் விடை. தொடக்கம் முதல் கடைசிவரை ஒரே அளவு விலகல் என்றால், படத்தையும் ஒலியையும் தனித்தனிக் கோப்பாகப் பிரித்தபோது இடையிலிருந்த தாமதக் கணக்கு தொலைந்துவிட்டது. டைம்லைனில் ஒலியைத் தள்ளி வைத்தால் தீர்ந்தது. பிரிக்காமல் எம்கேவியாக எடுத்தால் வரவே வராது.

ஒரு குறிப்பிட்ட இடம்வரை சரி, பிறகு திடீரென்று விலகல் என்றால் அந்த இடத்தில் கீறலோ விஓபி ஒட்டோ இருக்கிறது. அங்கே கிளிப்பை வெட்டிப் பின்பகுதியை மட்டும் நகர்த்துங்கள்.

சிறுகச் சிறுக விலகினால் ஃபிரேம் ரேட். கனடாவிலோ அமெரிக்காவிலோ இருக்கும் சொந்தக்காரர் அனுப்பிய டிஸ்க் என்டிஎஸ்சி, 720×480, வினாடிக்கு 29.97 ஃபிரேம். நம் ஊர், இலங்கை, சிங்கப்பூர், மலேசியா டிஸ்க்குகள் பிஏஎல், 25. 29.97-ஐ 30 என்று வைத்தாலே மணிக்கு 3.6 வினாடி விலகும். இரண்டு வகையையும் ஒரே டைம்லைனில் குழைக்காமல் தனித்தனியாக எடிட் செய்வதே சுத்தம். சேர்த்தே ஆக வேண்டுமென்றால் எது அதிகமோ அதன் ரேட்டில் டைம்லைன் வையுங்கள். ரிசால்வில் கிளிப்பைச் சேர்ப்பதற்கு முன் அதைத் தீர்மானிக்க வேண்டும், பிறகு மாற்ற விடாது.

ஒலி வழக்கத்தைவிடச் சன்னமாக இருந்தால் பயப்பட ஒன்றுமில்லை. ஏசி-3-க்குள் இருக்கும் பேச்சு அளவுக் குறிப்பைப் பார்த்துச் சில மென்பொருள்கள் சில டெசிபல் இறக்கிவிடும். ஏற்றிக்கொள்ளலாம்.

எக்ஸ்போர்ட் நன்றாக இருக்கிறது, யூடியூபிலும் டிவியிலும் கெடுகிறது

யூடியூப் 720-க்குக் கீழ் 50 ஃபிரேமைக் காட்டாது. 576 உயரத்தில் ஏற்றினால் பாடுபட்டுக் காப்பாற்றிய அசைவு பாதியாகிவிடும். 4:3 படத்தை 1440×1080 ஆக்கி, 50 ஃபிரேமில் ஏற்றுங்கள். பெரிதாக்குவதால் புதிய விவரம் வராது, ஆனால் அந்த அளவுக்கு யூடியூப் கூடுதல் பிட்ரேட் ஒதுக்கும்.

பென்டிரைவில் டிவிக்கு என்றால் எச்.264, 8 பிட், ஏஏசி ஒலி, எம்பி4. கோப்பு பாதியில் நின்றாலோ நகலே ஆகாவிட்டாலோ பென்டிரைவ் ஃபேட்32-ல் இருக்கிறது, 4 ஜிபிக்கு மேல் ஒரு கோப்பை அது ஏற்காது. எக்ஸ்ஃபேட் ஆக்குங்கள், அல்லது டிவி அதைப் படிக்காவிட்டால் முகூர்த்தம், வரவேற்பு என்று இரண்டாகப் பிரியுங்கள். 1080-ல் 50 ஃபிரேமைப் பழைய டிவி திணறித்திணறி ஓட்டினால் உயரத்தை 720-க்கு இறக்குங்கள், ஃபிரேம் ரேட்டை இறக்க வேண்டாம். மூலத்தில் 576 வரிதான் இருக்கிறது, 720-ல் எதுவும் குறைந்துவிடாது.